‘ஏங்க’ என்னும் இரைச்சல்

காதில் மாட்டும் கருவி பேசும் என்று வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. கேட்பதற்காக வாங்கிய சாமான் எதற்காகப் பேச வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் பேசியது. ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது காதுக்குள் ஒரு பெண் குரல் தேன் ஒழுகச் சொன்னது: "வாழ்த்துகள்! உங்கள் செவித்தோழன் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. இனி உலகம் உங்களுக்கு இன்னும் தெளிவாகக் கேட்கும்."

கேட்டது. இல்லையென்று சொன்னால் பொய்யாகிவிடும். குழாய் சொட்டுவது கேட்டது. மாடி வீட்டுக்காரர் செருப்பை இழுத்து இழுத்து நடப்பது கேட்டது. தெருவில் ஒருவர் இன்னொருவரை வண்டியை நகர்த்தச் சொல்லித் திட்டியது, என்னையே திட்டுவது போல அத்தனை சுத்தமாகக் கேட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். சமையலறை வாசலில் என் மனைவி கையில் கரண்டியோடு நின்றாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"என்ன?" என்றேன்.

வாய் மறுபடி அசைந்தது, முன்னைவிடப் பெரிதாக. கரண்டியும் சேர்ந்து அசைந்தது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவனுக்குக் கரண்டி சொல்வது புரியும். வாய் சொன்னதுதான் புரியவில்லை. வங்கி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகள் கைக்கடிகாரத்தை மாட்டியபடி வெளியே வந்தாள்.

"அப்பா, பால் தீர்ந்துடுச்சுன்னு அம்மா எத்தனை தடவை சொல்றாங்க? காதுலயே விழலையா?"

"நீ சொல்றது விழுது. அவ சொல்றதுதான் விழல."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பேசத் தொடங்கினாள். நெடுநேரம் பேசினாள். நடுவில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் பேசினாள். நான் குழாய்ச் சொட்டைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"அம்மா நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள் மகள்.

"இவ்ளோ நேரம் பேசினாளே, அவ்ளோதானா?"

"மிச்சத்தை விடுங்கப்பா."

என் காது மந்தமானதில் பாதி நடிப்பு என்று என் மனைவிக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. அன்றைக்கு அது முழுவதும் நடிப்பு என்றே முடிவு கட்டிவிட்டாள். கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். கழற்றினால் எனக்கு உலகமே கேட்காது. மாட்டினால் உலகம் கேட்கும், மனைவி குரல் மட்டும் கேட்காது. விஷயம் இவ்வளவுதான். இந்த இவ்வளவை ஒரு நிறுவனத்துக்குப் புரியவைக்கத்தான் நான் கிளம்பினேன்.

நான் முடிவெட்டுகிறவன். சொந்தக் கடை, இரண்டு நாற்காலி. ஊரார் காதோரமெல்லாம் மெஷினை ஓட்டி ஓட்டி என் காது போயிற்று. என் கடையில் முறைக்காகக் காத்திருப்பவர்கள் பேசுவது ஒரே விஷயம்தான்: எந்த நிறுவனம் எந்தப் போனை விட்டது, எதில் மூலை வளைந்திருக்கிறது, எதில் வளையவில்லை. வளைந்த கட்சி ஒன்று, வளையாத கட்சி ஒன்று. ஒருமுறை வாய்ச்சண்டை முற்றி, பாதி முடி வெட்டிய நிலையில் ஒருவர் கழுத்துத் துணியோடு எழுந்து போய்விட்டார். அவர் யாரென்றே அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனாலும் கூடப் பிறந்தவளைப் பற்றி யாரோ தப்பாகப் பேசிவிட்டது போல அவருக்கு அத்தனை ரோஷம்.

இந்தச் சபைக்குத் தலைவர் விமர்சகர். புதிதாக வரும் சாமான்களைப் பிரித்துப் பார்த்து, படம் பிடித்து, கருத்துச் சொல்வது அவர் தொழில். கருத்தை நட்சத்திரத்தில்தான் அளப்பார். பெட்டியைத் திறக்கும்போது மூடி மெதுவாக, பெருமூச்சு விட்டபடி வந்தால் அதற்கே ஒரு நட்சத்திரம் உண்டு. என்னுடைய பழைய கருவி செத்துப்போனபோது காது டாக்டர் கையை விரித்துவிட்டார். அதைச் செய்த கம்பெனியைச் செவித்தோழன் நிறுவனம் வாங்கி மூடிவிட்டதாம். மற்ற கம்பெனிகளையும் வாங்கிவிட்டதாம். பெட்டியின் மேல் பெயர்கள் வேறு வேறாக இருக்கும், உள்ளே எல்லாம் செவித்தோழன்தான் என்றார். அதனால் விமர்சகரிடம் கேட்டேன். நாலரை நட்சத்திரம் என்றார். அரை ஏன் குறைந்தது என்று கேட்டேன். பெட்டிக்கு வெளியே வெள்ளை, உள்ளே பால்வெள்ளை, அது அவர் கண்ணை உறுத்தியது.

"காது நல்லா கேக்குமா?"

"அதை நான் சோதிச்சுப் பாக்கலண்ணே. எனக்குத்தான் காது நல்லா கேக்குமே!"

இந்தப் பதிலுக்குப் பிறகும் நான் வாங்கினேன். வாங்காமல் என்ன செய்வது? செவித்தோழன் இல்லையென்றால் சும்மா காதுதான்.

கருவி புதுப்பிக்கப்பட்ட அன்றைக்குக் கடையில் விஷயத்தைச் சொன்னேன். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. "அண்ணே, இது எங்க கிடைக்கும்?" என்றார் ஒருவர். "எங்க வீட்டுல கேட்டா ரெண்டா வாங்கிக்கச் சொல்லுவா, அவளுக்கும் ஒண்ணு" என்றார் இன்னொருவர். சவரத்துக்கு முகத்தை நீட்டியிருந்தவர் குலுங்கின குலுக்கலில் நான் கத்தியை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"சிரிச்சு முடிச்சீங்களா?" என்றேன். "என் பொண்டாட்டி பேசறது எனக்குக் கேக்கல. இதுல என்ன சிரிப்பு?"

விமர்சகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க இதைக் குறையா பாக்கறீங்கண்ணே. நான் வசதியா பாக்கறேன்."

வேறு யாருக்காவது நடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் என் வீட்டில் விடிந்ததிலிருந்து ஓடும் குரல் அது. ஏங்க, மாத்திரை போட்டீங்களா. ஏங்க, வாசல்ல யாரோ நிக்கறாங்க பாருங்க. ஏங்க, ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். அந்தக் குரல் நின்ற பிறகு வீடு வேறு யாரோ குடியிருக்கும் வீடு போல ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. கையில் கத்தி இருந்ததால் அழவில்லை.

நிறுவனத்துக்குக் கடை கிடையாது. கடை என்ற சொல்லே அவர்களுக்குப் பிடிக்காது. வாசலில் ‘அனுபவ மையம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே மேசைகள் இருந்தன, நாற்காலிகள் இல்லை. சாமான்கள் உட்கார்ந்திருந்தன, மனிதர்கள் நின்றார்கள். யாராவது எதையாவது வாங்கிவிட்டால் ஊழியர்கள் எல்லோரும் செய்யும் வேலையைப் போட்டுவிட்டுக் கை தட்டினார்கள். நான் நுழைந்த நேரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். மரியாதைக்கு நானும் தட்டினேன்.

"புகார் எங்கம்மா குடுக்கணும்?" என்று வாசலில் நின்ற பெண்ணிடம் கேட்டேன்.

பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போல அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். "இங்க புகார் கிடையாது சார். கருத்துதான்" என்று மெல்லச் சொல்லி ஒரு பலகையை நீட்டினாள். அதில் வரிசையாக முகங்கள். எல்லாம் சிரித்தன. முதல் முகம் வாய் கிழியச் சிரித்தது, கடைசி முகம் உதட்டோடு சிரித்தது.

"சிரிக்காத முகம் இல்லையா?"

"அதைப் போன வருஷமே எடுத்துட்டோம் சார். யாரும் வருத்தமா இருக்கக் கூடாதுன்னு."

கடைசி முகத்தைத் தொட்டேன். ‘உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி’ என்று பலகை மின்னியது. எங்கோ இருவர் கை தட்டினார்கள்.

பிறகு ஒருவர் வந்தார். ‘மகிழ்ச்சி அலுவலர்’ என்று சட்டையில் அட்டை குத்தியிருந்தது. என் கருவியை வாங்கி ஒரு தட்டில் வைத்து, எதிரே இருந்த திரையை வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

"சார், கருவியில ஒரு குறையும் இல்ல. ரொம்ப நல்லா வேலை செய்யுது."

"என் மனைவி பேசறது கேக்கலையே?"

"அதைத்தான் நானும் சொல்றேன். அவ்ளோ நல்லா வேலை செய்யுது!" தட்டை என் பக்கம் தள்ளினார். "இது உங்க வீட்டைக் கவனிச்சுக் கத்துக்கற கருவி சார். ஒரே இடத்துலேருந்து, ஒரே மாதிரி, தினமும் ஒரு சத்தம் வருதுன்னு வெச்சுக்கோங்க. அதுக்கு நீங்க திரும்பறீங்களான்னு பாக்கும். திரும்பலைன்னா, சரி, இது இவருக்கு வேண்டாத சத்தம்னு எடுத்துடும். ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் அப்படித்தான் எடுக்குது. இங்க பாருங்க, ‘ஏங்க’ன்னு ஒரு சத்தம். உங்க வீட்டுலயே அதிகமா வர்றது இதுதான். ஃபிரிட்ஜைவிட அதிகம். ஒருநாள்கூட நீங்க முதல் தடவையில திரும்பினதே இல்ல. அதனால அந்தக் குரலையே எடுத்துடுச்சு."

"முதல் ஏங்கவுக்கு யாரு சார் திரும்புவா? அது ஆள் வீட்டுல இருக்கானான்னு பாக்கறதுக்கு. ரெண்டாவது, விஷயம் இருக்குன்னு சொல்றதுக்கு. மூணாவதுக்குத்தான் எழுந்திருக்கணும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எல்லா வீட்டுலயும் அப்படித்தானே?"

"கருவிக்குத் தெரியாதே சார்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "சரி, இதைப் பழையபடி ஆக்கிக் குடுங்க" என்றேன்.

"பின்னாடி போறது எங்க கொள்கையிலயே இல்ல சார்" என்று பெருமையாகச் சொன்னார். "அடுத்த அப்டேட் வரைக்கும் பொறுமையா இருங்க. வேணும்னா அவங்களைக் குரலை மாத்திப் பேசச் சொல்லிப் பாருங்களேன்."

இதை வீட்டில் சொன்னேன். என் மனைவி பதில் சொன்னாள். மகள் அதை என்னிடம் சொல்லவில்லை.

பொறுமையாக இருந்தோம். மகள் வீட்டில் இருக்கும்போது பேச்சு அவள் வழியாக நடந்தது. சண்டையும் அவள் வழியாகத்தான். அம்மா மூச்சு விடாமல் பேசியதை மகள் "வேண்டாமாம்" என்று முடிப்பாள். ஒரு வார்த்தைக்காக ஒன்பது வார்த்தை கழிந்துபோவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். மகள் இல்லாத நேரத்தில் என் மனைவி எதிரே வந்து நின்று கை காட்டுவாள். எதிரே வர முடியாவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

பின்கட்டில் துணி காயப்போடப் போனவள் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள். நான் முன்னறையில்தான் இருந்தேன். மாடி வீட்டுக்காரரின் செருப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் பாத்திரம் விழுந்ததைக்கூடக் கேட்டு, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்த்தேன். நடுவில் இவளை எங்கே காணோம் என்று நினைத்தேன், பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாள் என்று இருந்துவிட்டேன். மகள் வேலையிலிருந்து வந்து வாசலில் கால் வைத்ததும் பின்கட்டுக்கு ஓடினாள். அவளுக்குத் தெருவிலேயே கேட்டிருக்கிறது.

கால் எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்னம்மா சொல்றா?"

"ஒண்ணும் இல்லப்பா" என்று மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரம்தான் மகளுக்குப் பதவி உயர்வு வந்தது. வேறு ஊரில் கிளை மேலாளர். அதற்காக அவள் எத்தனை தேர்வு எழுதினாள் என்று எனக்குத் தெரியும், கேள்விகளை உரக்கப் படித்துக் கேட்டவள் அவள் அம்மாதான். இப்போது போக மாட்டேன் என்றாள்.

"அம்மா போகச் சொல்லிக் கத்தறாங்க. நான் மாட்டேன்னுட்டேன்" என்று இரண்டு பக்கத்தையும் அவளே எனக்குச் சொன்னாள். "நான் போயிட்டா அம்மா கூப்பிடறது யாருக்குக் கேக்கும்? உங்களுக்குக் கேக்கற அன்னிக்குப் போறேன்."

என் காது என் மகளின் பிழைப்பில் கை வைத்துவிட்டது. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபத்தை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மகள் ஒரு மணி வாங்கி வந்து கட்டிலில் வைத்தாள். பிரமாதமாகக் கேட்டது. முதல் கிணுகிணுப்பிலேயே எழுந்து ஓடினேன். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வேகத்தைப் பார்த்திராத என் மனைவி, தேவையே இல்லாமல்கூட இரண்டொரு தடவை அடித்துப் பார்த்தாள். வாரம் போவதற்குள் ஒருநாள் மணி ஆடியது, சத்தம் வரவில்லை. "வாழ்த்துகள்! தேவையற்ற இன்னொரு சத்தத்தை உங்கள் செவித்தோழன் கண்டுபிடித்து நீக்கிவிட்டது" என்றது தேன் குரல்.

தட்டும் கரண்டியும் கொடுத்தோம். கொஞ்ச நாள் கேட்டது, அதுவும் போயிற்று. விளையாட்டு வாத்தியார்கள் ஊதும் விசில் வாங்கிக் கொடுத்தோம். தெருவே எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தது. பிறகு தெரு மட்டும் திரும்பிப் பார்த்தது, நான் திரும்பவில்லை. ஊதி ஊதிக் கன்னம் வலித்து அவள் விசிலைத் தூக்கி என் மேல் எறிந்தாள். அது பட்டதில்தான் அவள் கூப்பிட்டிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

மறுபடி அனுபவ மையம். மறுபடி கைதட்டல். "நான் முதல் சத்தத்துக்கே ஓடினேனே சார், அப்புறமும் ஏன் எடுத்துச்சு?" என்று மகிழ்ச்சி அலுவலரிடம் கேட்டேன்.

திரையைப் பார்த்தார். "அதனாலதான் சார். மணி அடிச்சா உங்களுக்கு நெஞ்சு படபடக்குது. உங்களைப் படபடக்க வைக்கற சத்தத்துலேருந்து உங்களைக் காப்பாத்தியிருக்கு."

"அப்ப, திரும்பலைன்னா வேண்டாத சத்தம். ஓடினா ஆகாத சத்தம்."

"ரொம்ப அழகா புரிஞ்சுக்கிட்டீங்க!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், உங்களைத்தான் நாங்க தேடிட்டிருந்தோம். இதுக்கு இப்ப பேரு வெச்சாச்சு, ‘இல்ல அமைதி’, அதாவது வீட்டுக்குள்ள அமைதி. எங்க கம்பெனிப் பெரியவரே மேடையேறி வெளியிடப் போறார். உலகத்துலயே முதல்முதலா இதை அனுபவிச்ச வாடிக்கையாளர் நீங்கதான். மேடைக்கு வரணும்."

"பெரியவர்கிட்ட நான் பேசலாமா?"

"அவர் எல்லாரும் சொல்றதைக் கேப்பார் சார். கேக்கறதுதானே எங்க தொழில்!"

போனேன். மகள் அம்மாவோடு இருந்துகொண்டாள். விமர்சகருக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள், அவர் என்னை அழைத்துப் போனார். பெரிய இருட்டு மண்டபம். நீல வெளிச்சத்தில் ஒரு படம் வந்தால் கை தட்டினார்கள், படம் போனாலும் தட்டினார்கள். ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு செவித்தோழன் இலவசமாகக் காத்திருந்தது. விமர்சகர் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, மூடியின் பெருமூச்சைப் பற்றி ஏதோ குறித்துக்கொண்டார். பெரியவர் கசங்கிய சட்டையோடு மேடைக்கு வந்தார். முதன்மைக் கனவாளர் என்பது அவர் பதவி. அந்தச் சட்டையை அந்த அளவுக்கு மட்டும் கசக்குவதற்கு ஆள் வைத்திருக்கிறார்களாம், விமர்சகர் காதோடு சொன்னார்.

"நண்பர்களே!" என்றார் பெரியவர். "மனுஷனுக்கு என்ன வேணும்? கேக்கணும்னுதான் எல்லாரும் நினைச்சுட்டிருந்தாங்க. நாங்கதான் தைரியமா சொன்னோம், இல்ல, அவனுக்குக் கேக்காம இருக்கணும்!"

மண்டபம் அதிர்ந்தது.

"காது கேக்காதவங்களுக்காகத்தான் இதை ஆரம்பிச்சோம். மனசைத் தொட்டுச் சொல்றேன், அவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். ஆனா காது கேக்கறவங்க எத்தனை கோடி பேர் இருக்காங்க! அவங்க கஷ்டத்தை இத்தனை நாள் யாராவது நினைச்சுப் பாத்தோமா?" அவர் குரல் தழுதழுத்தது. ஒரு கேமரா அவர் கண்ணருகே போனது. "எங்க கம்பெனியில நாங்க எல்லாருமே இதைத்தான் போட்டிருக்கோம். போன வருஷம் எங்களுக்கு லட்சக்கணக்குல கருத்து வந்துச்சு. இந்த வருஷம் ஒண்ணுகூட எங்க காதுல விழல. இதைவிட ஒரு கம்பெனிக்கு என்ன பெருமை வேணும்?"

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அந்தத் தட்டலுக்கு நடுவில் என்னை மேலே ஏற்றினார்கள். பின்னால் திரையில் நானும் என் மனைவியும் இருக்கும் படம் வந்தது. என் போனிலிருந்து எப்போது எடுத்தார்கள் என்று தெரியவில்லை. அவள் வாய் இருக்க வேண்டிய இடத்தில் நிறுவனத்தின் முத்திரை ஒளிர்ந்தது.

"சொல்லுங்க நண்பரே, வாழ்க்கை எப்படி இருக்கு?" என்று பெரியவர் ஒலிவாங்கியை நீட்டினார்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். "ஐயா, என் மனைவி கால் ஒடிஞ்சு கிடக்கறா. கூப்பிட்டா எனக்குக் கேக்கல. அவ விழுந்து கத்தினப்ப நான் அடுத்த அறையில சும்மா உக்காந்திருந்தேன். என் பொண்ணு வந்த பதவி உயர்வைத் தள்ளிப் போட்டுட்டு எங்களுக்குக் காவல் இருக்கா. எனக்கு இந்த அமைதி வேண்டாங்கய்யா. அவ குரலைத் திருப்பிக் குடுத்துடுங்க."

பெரியவர் புன்னகையோடு தலையாட்டினார். மண்டபம் கை தட்டியது. சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி, இன்னும் சத்தமாகச் சொன்னேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். என் குரல் உடைந்து, மேடையில் நின்று அழுதேன். முன்வரிசையில் விமர்சகர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்தார். "பாருங்க, சந்தோஷத்துல பேச்சே வரல அவருக்கு!" என்றார்.

மகிழ்ச்சி அலுவலர் என் தோளில் கைபோட்டுக் கீழே இறக்கினார். "தப்பா நினைக்காதீங்க சார். கருத்துச் சொல்றவங்க குரல்ல ஒரு இழுவை இருக்கும். எந்த ஊர்க்காரங்களா இருந்தாலும் அது ஒண்ணுதான். அதைப் பெரியவர் கருவிக்கு முன்னாடியே கத்துக் குடுத்தாச்சு. இன்னிக்கு ஹால்ல குடுத்ததுக்கும்தான்."

"அப்ப உங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்குது?" என்றேன்.

அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "நீங்க இப்ப என்ன சொன்னீங்கன்னு எனக்கும் கேக்கல சார். ஆனா எல்லாரும் இந்த இடத்துல இதைத்தான் கேப்பாங்க." பிறகு என் கையில் ஒரு பரிசுப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே இன்னொரு செவித்தோழன்.

வழி கண்டுபிடித்தவள் என் மனைவிதான். பின்கட்டில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றைக் கை காட்டினாள். மகள் அதை அவிழ்த்து வந்தாள். ஒரு முனையைக் கட்டில் பக்கம் வைத்து, மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டினோம். ஒரு இழுப்பு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் கழிப்பறை. மூன்று என்றால் சும்மா வா. எந்த அறையில் இருந்தாலும் இழுபட்டேன். கயிற்றுக்கு அப்டேட் கிடையாது. மகள் சில நாள் சோதித்துப் பார்த்துவிட்டு, மனசில்லாமல் புதுக் கிளைக்குப் பெட்டியைக் கட்டினாள்.

"கயித்தை மட்டும் கழட்டிடாதீங்கப்பா" என்று வண்டியேறும்போது சொன்னாள்.

கடையைப் பாதி நாளாக்கினேன். அந்த நேரம் மாடி வீட்டம்மா வந்து துணைக்கு உட்கார்ந்தார். மற்ற நேரமெல்லாம் நானும் என் மனைவியும் கயிறும்தான். ஒருநாள் விமர்சகர் பார்க்க வந்தார். கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். "சார்ஜ் வேண்டாம், அதுக்கு ஒண்ணு. அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம், அதுக்கு ஒண்ணு. ஆனா டிசைன்ல கவனமே இல்லண்ணே. ரெண்டரை குடுக்கலாம்" என்றார்.

பிறகு ஒரு காலையில், மறுபடி பல் தேய்க்கும் நேரத்தில், தேன் குரல் பேசியது. இந்தத் தடவை அதில் துக்கம் தொனித்தது. "வருந்துகிறோம். உங்கள் ‘இல்ல அமைதி’யின் இலவசக் காலம் முடிவடைந்துவிட்டது. தொடர விரும்பினால் சந்தா செலுத்தவும். செலுத்தாவிட்டால் உங்கள் வீட்டின் எல்லாச் சத்தங்களும் இனி உங்களுக்குக் கேட்கும். தடங்கலுக்கு மன்னிக்கவும்."

கையில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றேன். ஃபிரிட்ஜ் உறுமியது. மின்விசிறி கடகடவென்றது. அடடா, இந்த விசிறிக்கு எண்ணெய் போட வேண்டுமே! ஓடிப்போய்க் கட்டிலருகே கிடந்த மணியை எடுத்து ஆட்டினேன். கணீரென்றது. தட்டைத் தட்டினேன், விசிலை ஊதினேன். எல்லாம் கேட்டன. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து என் மனைவி எழுந்து உட்கார முயன்றாள்.

"பேசு!" என்றேன். "ஏதாவது பேசு. திட்டு!"

அவள் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

கருவியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். விசிறி கேட்டது. உதடுகள் அசைந்தன, ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்து மகளை வீடியோவில் கூப்பிட்டு, அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"சாப்பிட்டியாடி? ஏன் கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு? வேலை ரொம்பக் கஷ்டமா குடுக்கறாங்களா?"

என் மனைவியின் குரல். கொஞ்சம் கரகரப்பான, எதையும் கேள்வியாகவே கேட்கிற அந்தக் குரல். ஒரு சொல் விடாமல் கேட்டது.

"கேக்குது!" என்று கத்தினேன். "எனக்குக் கேக்குது! நீ பேசறது எனக்குக் கேக்குது!"

அவள் என் பக்கம் திரும்பினாள். உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை.

போனில் மகளின் முகம் அருகே வந்தது. "அப்பா, இருங்க. கருவியில ஒண்ணும் இல்லப்பா. அம்மா சத்தமே போடல. என்கிட்டப் பேசும்போது குரல் வருது. உங்க பக்கம் திரும்பினா வாய் மட்டும்தான் அசையுது. அம்மா, ஏம்மா இப்படிப் பண்றீங்க?"

"நான் எங்கடி பண்றேன்?" என்றாள் அவள் மகளிடம், நன்றாகக் கேட்கும்படி. "அவருக்குத்தான் கேக்கவே போறதில்லையே, தொண்டையை எதுக்குப் புண்ணாக்கிக்கணும்னு விட்டுட்டேன். அப்படியே பழகிப் போச்சு போலிருக்கு."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். "இப்பக் கேக்குதும்மா. எல்லாமே கேக்குது. ஒரே ஒரு தடவை கூப்பிடு. முதல் தடவையிலேயே திரும்பறேன்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். முயற்சி செய்தாள். உதடுகள் விரிந்து ‘ஏ’ ஆயின, பிறகு ‘ங்க’ ஆயின. இரண்டையும் கண்ணால் பார்த்தேன். விசிறி கடகடத்தது. ஃபிரிட்ஜ் உறுமியது. மாடியில் செருப்பு நடந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை உதட்டை அசைத்தாள்.

பிறகு என் மனைவி கையை நீட்டிக் கயிற்றை இழுத்தாள். ஒரு இழுப்பு.

தண்ணீர் எடுத்துவரப் போனேன்.